பதினாலு வயதுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: நயினாதீவில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னுடையதுதான். தரம் நான்கு, ஐந்துப் பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்து படக்கதைப் புத்தகங்களுக்கு அடிபடுகிறார்கள். அதே பிள்ளைகள் தரம் எட்டு, ஒன்பதுக்கு வந்த பிறகு நூலக வாசலையே மிதிப்பதில்லை. வந்தாலும் கடந்தகால வினாத்தாள் கேட்டுத்தான் வருகிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ கொடுத்துப் பார்த்தேன். முதலாம் பாகம் பாதியில் திரும்பி வந்துவிட்டது. “ரீச்சர், எங்கட வயசுப் பிள்ளையள் வாற கதை ஒண்டும் இல்லையோ?” என்று போன தவணை ஒரு மாணவி கேட்டாள். பதின்வயதுக்கென்று தமிழில் இப்போது என்ன வருகிறது? இலங்கையில் ஏன் அவ்வளவாக வருவதில்லை? எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு நான் எதைக் கொடுக்கலாம்? நாங்களே ஒன்றை அச்சிட முடியுமா?

— ஓர் ஆசிரியை, நயினாதீவு

பதில்: ரீச்சர், உங்கள் மாணவி கேட்ட கேள்வியை இலங்கைத் தமிழ்ப் பதிப்பாளர் ஒவ்வொருவரும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பு வெறுத்துப் போகவில்லை. அவர்கள் வளர்ந்தார்கள், அலுமாரி அவர்களோடு சேர்ந்து வளரவில்லை. ஐந்தாம் தரம் வரைக்கும் புத்தகம் இருக்கிறது. இருபது வயதுக்கு மேலும் இருக்கிறது. இடையில் உள்ள அந்த ஒன்பது, பத்து வருடத்துக்குத்தான் நாம் ஒன்றும் செய்து வைக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளின் பக்கம் கொஞ்சம் தேறியிருப்பதற்குக் காரணம் உண்டு. ‘ரூம் டு ரீட்’ நிறுவனம் 2005 முதல் இலங்கையில் வேலை செய்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் படக்கதைப் புத்தகங்களை உருவாக்கிப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுக்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். இரண்டிலும் பெரும்பகுதி ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கானது. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் அந்தக் கை விட்டுப்போகிறது. பிறகு பிள்ளையின் கையில் இருப்பது பாடநூல், வழிகாட்டி, ரியூசன் கொப்பி. யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் பதின்வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் எந்தத் தட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள். பரீட்சை வழிகாட்டிகளுக்கு முன்னால்தான்.

இங்கே ஏன் வருவதில்லை என்று கேட்டீர்கள். நம்முடைய புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. ஈழத்தில் பெரும்பாலான கதை, கவிதை நூல்கள் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. செலவு பல நேரம் எழுத்தாளரின் சட்டைப்பையிலிருந்து வருகிறது. போட்ட காசில் ஒரு பகுதியாவது திரும்பி வரும் இடம் வெளியீட்டு விழா. மண்டபம், மங்கல விளக்கு, தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை. முதற்பிரதியை ஊரில் மதிப்புள்ள ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர் வாசிக்கப்படும். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். ‘சிறுவர் நாவல்’, ‘இளையோர் நாவல்’ என்று அட்டையில் போட்ட நூலுக்கும் இதே விழாதான். சபையில் தலை நரைத்தவர்கள் நிறைந்திருப்பார்கள். பதினாலு வயதுப் பிள்ளை யாராவது இருந்தால் அது வரவேற்பு நடனம் ஆட வந்த பிள்ளையாக இருக்கும்.

அந்த விழாக்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த என்வலப் இல்லாவிட்டால் ஈழத்து நூல்களில் பாதி வெளிவந்தே இராது. ஆனால் காசு கொடுப்பவரும் பெரியவர், பாராட்டுபவரும் பெரியவர், பரிசுக்குத் தெரிவு செய்பவரும் பெரியவர் என்றால், எழுதுபவர் பெரியவரைத் திருப்திப்படுத்தத்தான் எழுதுவார். அதனால்தான் நம் இளையோர் நூல்களில் தாத்தா வந்து அறிவுரை சொல்கிறார், கைபேசியால் கெட்ட பையன் கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறான், எல்லாரும் மரம் நடுகிறார்கள். பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே இந்த வாசனையைப் பிடித்துவிடும். மட்டக்களப்பில் ஓ.கே. குணநாதன் போன்றவர்கள் சிறுவர் இலக்கியத்தை வாழ்நாள் வேலையாகவே எடுத்துச் செய்திருக்கிறார்கள். உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பு பிள்ளையின் கைக்கு நேரே போய்ச் சேரும் வழிதான் இல்லை.

முந்தைய தலைமுறைக்கு இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அம்புலிமாமா வந்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியும் கை மாறிக் கை மாறி அட்டை கிழியும் வரைக்கும் ஓடின. மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவு விலையில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. ‘வீரம் விளைந்தது’, ஐத்மாத்தவின் ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’ எல்லாம் பதினைந்து, பதினாறு வயதில் வாசித்தவர்கள் இன்றும் அவற்றின் பெயர் கேட்டால் முகம் மலர்வார்கள். 1970களில் வீரகேசரிப் பிரசுரம் ஈழத்து நாவல்களைச் சாதாரண வாசகர் வாங்கக்கூடிய விலையில், பத்திரிகை போகும் இடமெல்லாம் கொண்டுபோனது. நம் நாட்டுக் கதை நம் கடையில் தொங்கியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 1990இல் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்க, வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் வெறுமையாகின. பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் இல்லாமல் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித்தாளிலும் அச்சாகின. அந்த வருடங்களில் பதின்வயதில் இருந்த ஒரு தலைமுறைக்குக் கதைப்புத்தகம் கைக்கெட்டாத பொருளாகிவிட்டது. அவர்கள்தான் இன்றைய பெற்றோர். “கதைப்புத்தகம் வாசிச்சு என்ன காணப்போறாய், படி” என்று அவர்கள் சொல்லும்போது நான் கோபிப்பதில்லை. அந்த வயதில் ஒரு கதை தங்களுக்கு என்ன செய்திருக்கும் என்று அறியும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. கடதாசி விலை ஏறினால் பதிப்பாளர் முதலில் கைவிடுவது விற்பனை நிச்சயமில்லாத நூலைத்தான்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு அங்கேதான் நல்ல செய்தி இருக்கிறது. கடந்த பத்து வருடத்துக்குள் அங்கே பதின்வயது வாசகரைத் தனி ஆளாகக் கணக்கில் எடுக்கும் பதிப்பு வேலை வளர்ந்திருக்கிறது. சிறுவர் நூல்களுக்கென்றே வானம் பதிப்பகம் இயங்குகிறது. பாரதி புத்தகாலயம் ‘ஓங்கில் கூட்டம்’ என்ற பெயரில் பதின்பருவத்தினருக்கான சின்னச் சின்ன நூல்களை வரிசையாகக் கொண்டுவருகிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பார்த்தாலே மாற்றம் தெரியும். 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ என்று நாவல்கள் பரிசு பெற்றிருக்கின்றன. பாலபாரதியின் நாவல், உடலில் தொடக்கூடாத கை தொடும்போது ஒரு சிறுமி அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதைப் பேசுகிறது. உதயசங்கர் கீழடியைக் கதைக்களமாக்குகிறார். ஓங்கில் கூட்டத்தில் வந்த விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’, பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதி அடையாளமாக ஏறும் கயிற்றைப் பற்றியது.

இந்த நூல்களில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, பிரச்சினை பிள்ளையின் பிரச்சினை. பெரியவர் பிள்ளையைப் பற்றிப் படும் கவலை அங்கே கதையாவதில்லை. இரண்டு, நூல் மெல்லியது, எழுத்து பெரியது, படம் உண்டு; ஒரே இருப்பில் முடித்துவிடலாம். முடித்தேன் என்ற சந்தோசந்தான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும். மூன்று, அது பாடசாலைக்குள் போகிறது. தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாகப் பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அந்தப் பிரிப்பே நமக்கு ஒரு பாடம். ‘நுழை’யில் நிற்கும் பிள்ளைக்குப் ‘பற’ புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் ‘பொன்னியின் செல்வ’னில் பார்த்துவிட்டீர்கள். ஐந்து பாகம் கொண்ட அந்த நாவலைக் கொடுத்தது பிழையல்ல. அதற்கு முன்னால் ஏறவேண்டிய படிகள் உங்கள் அலுமாரியில் இல்லை.

தமிழ்நாட்டு நூல்களை வாங்குங்கள். ஆனால் அவை மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது விலை. நாணய மாற்றே இப்போது மூன்று மடங்குக்கு மேல். அதன்மேல் கப்பல் கூலி, கடைக்காரர் பங்கு. சென்னையில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய நூல், குறிகட்டுவானில் படகேறும்போது ஒரு குடும்பம் யோசித்து வாங்கும் பொருளாகிவிடும். இரண்டாவது, அந்தக் கதைகளில் வரும் பிள்ளை பேருந்தில் பள்ளிக்கூடம் போகும், அணைக்கட்டில் குளிக்கும், பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பயப்படும். உங்கள் பிள்ளைகள் அதை வாசித்து ரசிப்பார்கள். ஆனால் கச்சான் காற்றில் படகு ஓடாத நாளில் வீட்டிலே மாட்டுப்பட்டு நிற்பது, குடிதண்ணீருக்குக் காத்திருப்பது, ஏ.எல். படிக்க ஊரை விட்டு யாழ்ப்பாணம் போய் உறவினர் வீட்டில் தங்குவது, தமையன் கனடாவிலிருந்து வீடியோவில் மட்டும் வருவது, இதெல்லாம் தங்கள் வாழ்க்கை, கதையாகும் தகுதி உள்ள வாழ்க்கை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பெலரூஸ் நாட்டைப் பாருங்கள். அங்கே பெலரூஸிய மொழி, ரஷ்ய மொழி இரண்டும் அரச மொழிகள். கடைகளை நிறைப்பவை பெரும்பாலும் மொஸ்கோவிலிருந்து வரும் ரஷ்யப் புத்தகங்கள். பதின்வயதுப் பிள்ளை ஹரி பொட்டரை ரஷ்ய மொழியில் வாசித்துவிட்டுப் போய்விடலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. இருந்தும் யானுஷ்கேவிச் என்ற சிறு பதிப்பகம் 2019இல் அந்த முதற் பாகத்தைப் பெலரூஸிய மொழியில் கொண்டுவந்தது. இந்த மொழியில் பாட்டியோடு பேசலாம், பாடநூல் படிக்கலாம், மந்திரமும் போடலாம் என்று அந்த ஒரு நூல் அங்கத்தைய பிள்ளைகளுக்குக் காட்டியது. 2022இல் அப்பதிப்பகத்தின் கடை மின்ஸ்கில் திறந்த அன்றே சோதனையிடப்பட்டது. பின்னர் உரிமமும் பறிபோக, அது போலந்தின் வார்சாவுக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்து நூல் போடுகிறது. ஊரை விட்டுப் போன பிறகும் ஊருக்காகப் புத்தகம் போடும் வேலை நமக்குப் புதிதல்லவே.

நமக்கும் பெலரூஸுக்கும் வித்தியாசம் உண்டு. தமிழ் சின்ன மொழியல்ல. ஹரி பொட்டரின் முதற் பாகம் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்று பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது. பெரிய மொழிபெயர்ப்புகளின் சுமையைச் சென்னை தாங்கும். அதைத் திரும்பச் செய்யத் தேவையில்லாதபடியால், நம் சின்னச் சந்தையின் சக்தி முழுவதையும் சென்னை செய்ய முடியாத ஒன்றில் போடலாம். நெடுந்தீவுப் பிள்ளையின் கதையைச் சென்னையில் ஒருவர் எழுதித்தரப் போவதில்லை.

இப்போது கைக்கெட்டிய நூல்களுக்கு வருகிறேன். தரம் ஆறு, ஏழுக்கு ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, ‘ஆதனின் பொம்மை’. கொடுக்கும் முன் நீங்கள் வாசித்துவிடுங்கள். முதல் நூலுக்குப் பிறகு யாராவது ஒரு பிள்ளை உங்களிடம் தனியே பேச வரக்கூடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். தரம் எட்டு, ஒன்பதுக்குக் ‘கயிறு’. அதை வைத்து வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் பேசலாம். நம் ஊரில் மணிக்கட்டில் கயிறு ஏறாமல் இருக்கலாம்; கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் நடப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் சிங்களத்தில் வந்த நாவல். இரண்டு குறும்புப் பையன்கள் ஊரை விட்டு ஓடிப்போய் கொக்கல வாவியிலுள்ள ஒரு தீவில் குடியேறுகிறார்கள். தமிழிலும் வந்திருக்கிறது, தேடிப் பிடியுங்கள். தீவுப் பிள்ளைகள் அதில் பிழை கண்டுபிடித்தே வாசித்து முடிப்பார்கள்.

ஈழத்து நூல்களில் செங்கை ஆழியானிடமிருந்து தொடங்குங்கள். ‘ஆச்சி பயணம் போகிறாள்’ சிரிக்கச் சிரிக்க ஓடும். தொலைந்த மாட்டைத் தேடி வழுக்கியாற்றின் வழியே போகும் ‘நடந்தாய் வாழி வழுக்கியாறு’ மெல்லிய நூல், பாதியில் வைக்கவிடாது. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த ‘வாடைக்காற்று’ நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. பருவத்துக்கு வாடி போட வரும் மீனவர்களின் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. காதலும் பகையும் கலந்த கதை என்பதால் ஓ.எல். வகுப்புக்கு மேல் கொடுப்பது நல்லது. அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ அதே வயதுக்கு. பதினாறு வயதில் நல்ல உரைநடை எப்படி இருக்கும் என்று காட்ட அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ இடப்பெயர்வில் ஆளில்லாமற் போன ஊரைப் பாடுகிறது. உயர்தர மாணவர்களோடு சேர்ந்திருந்து வாசியுங்கள். பழைய நூல்கள் பல கடையில் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாகத் தேடி வாசிக்கலாம். பிள்ளையின் கையிலிருக்கும் கைபேசியை இதற்கும் பழக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதின்வயதைப் பற்றிய நூல் வேறு, பதின்வயதினருக்கான நூல் வேறு. அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ தீவுப்பகுதிப் பையன் ஒருவன் இயக்கத்துக்குப் போனதிலிருந்து விரிவது. ஈழத்து நாவல்களில் முக்கியமானது. ஆனால் அது வளர்ந்த வாசகருக்காக எழுதப்பட்டது. தீவு வருகிறது, இளைஞன் வருகிறான் என்பதற்காகத் தரம் ஒன்பதுப் பிள்ளையிடம் நீட்டக்கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று தரம் ஒன்பதில் இருக்கும் பிள்ளை 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு பிறந்தது. வீட்டில் ஒரு புகைப்படத்துக்கு மாலை போட்டிருக்கும். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடந்த படுகொலையை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் பற்றி வாசிக்க, அந்த வயதின் மனதுக்கு ஏற்ற கதைப்புத்தகம் ஒன்றை நான் இதுவரை கையில் எடுத்ததில்லை. பெரியவர்களுக்குப் போர் இலக்கியம் நிறைய எழுதிவிட்டோம். பிள்ளைகளுக்குப் பேச்சையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். பயமுறுத்தாமல், பொய் சொல்லாமல், வெறுப்பை ஊட்டாமல் அவர்களுக்கு இதை எழுதத்தான் வேண்டும். இது கடினமான வேலை. நம் நல்ல எழுத்தாளர்கள் இறங்கவேண்டிய வேலையும் இதுதான்.

கடைசிக் கேள்வி, நீங்களே அச்சிடலாமா? தாராளமாக. கதைக்கு எங்கும் போகத் தேவையில்லை. உங்கள் தீவையே எடுங்கள். ‘மணிமேகலை’யில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு; வேறு கருத்தும் உண்டு. காப்பியத்தைப் பாடநூற் குறிப்பாக மட்டும் பார்த்த பிள்ளைக்குக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வயதில் இளைய ஒரு பெண். அவளை விடாமல் பின்தொடரும் ஓர் அரசகுமாரன். இரவில் தூங்கியவள் விடியக் கண் விழிக்கிறாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சுற்றிவரக் கடலும் மணலும். தோழியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், பதில் இல்லை. தான் எங்கே இருக்கிறேன், யார் கொண்டுவந்தார்கள், எப்படித் திரும்பிப் போவது? இதைவிட நல்ல தொடக்கம் எந்த இளையோர் நாவலுக்கு வேண்டும்? இதை எழுதுகிறவர் முதற் பக்கத்தில் காப்பியத்தைப் பாடிய சாத்தனாரின் காலத்தையும் பௌத்த தத்துவத்தையும் விளக்கத் தொடங்கினால் நூல் அங்கேயே முடிந்துவிடும். மணலில் கண் விழிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோமுகிப் பொய்கையும் அமுதசுரபியும் அவள் நடந்து கண்டுபிடிக்கும்போது வந்தால் போதும்.

அடுத்த தீவுகளிலும் கதை கிடக்கிறது. நெடுந்தீவின் காட்டுக் குதிரைகள், பெருக்குமரம், முருகைக்கல் வேலிகள். ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் போர்த்துக்கேயர் கட்டிய அம்மன்னீல் கோட்டை. கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றி நம்மவருக்கு எழுதி அறிவித்தார். தீவில் பிறந்த ஒருவர் ஐரோப்பிய நூலகங்களில் தமிழின் முதல் அச்சு நூல்களைத் துருவிப் போன கதையைத் துப்பறியும் நாவல் போலவே எழுதலாம்.

எழுதும் முறைக்குச் சில வழி சொல்கிறேன். தரம் ஒன்பது, பத்து மாணவர்களில் ஆர்வமுள்ள சிலரைச் சேருங்கள். ஆளுக்கொரு முதியவரிடம் போய், அவர் பதினாலு வயதில் செய்த ஒரு காரியத்தைக் கேட்டுக் கைபேசியில் பதிந்து வரட்டும். பாய்வள்ளம் ஓட்டியது, சங்கு குளிக்கப் போனது, பள்ளிக்கூடம் ஒளித்தது, எதுவானாலும் சரி. பிறகு அதைத் தங்கள் வார்த்தையில் எழுதட்டும். உரையாடலை ஊர்ப் பேச்சிலேயே விடுங்கள். “எங்கட”, “வாறன்”, “ஒண்டு” என்பதைத் திருத்தாதீர்கள். கதைசொல்லும் வரிகளில் எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை கண்டிப்பாகத் திருத்துங்கள். கடைசியில் நீதி எழுதவே விடாதீர்கள்.

நூல் 96 பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். பதினாறு பக்க மடிப்பு ஆறு. எழுத்து 12, 13 புள்ளி, வரிக்கு வரி தாராளமாக இடைவெளி. இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கோட்டோவியம். அதையும் மாணவரே வரையட்டும். ஐந்நூறு பிரதி அடித்து அதிபர் அறையில் அடுக்கத் தேவையில்லை. இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு பிரதிகூட எடுக்கலாம். பிரதி ஒன்றுக்குச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் மொத்தக் காசு முடங்காது. தீர்ந்தால் மறுபடி எடுக்கலாம். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பியுங்கள். பாடசாலை வெளியீடுதானே என்று அதை விட்டுவிட வேண்டாம். இலக்கம் இருந்தால்தான் நூலகப் பட்டியல்களில் உங்கள் நூல் நிற்கும். ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு எண்ணிமமாக்கவும் கொடுங்கள்.

காசுக்குப் பழைய மாணவர் சங்கத்தைக் கேளுங்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் உள்ள தீவகத்தார் கட்டடம் தந்திருக்கிறார்கள், கணினி தந்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் அச்சுச் செலவு அவர்களுக்குப் பாரமில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கும் பதினாலு வயதுதான். தமிழ் தட்டுத்தடுமாறி வாசிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் பெரிய எழுத்தில், சின்ன வரியில், அப்பாவின் ஊரில் நடக்கும் கதை வேண்டும். நூறு பிரதி உங்களுக்கு அடித்தால் இன்னொரு நூறை அவர்கள் எடுப்பார்கள். ஈழத்து இளையோர் நூலுக்கு உண்மையான சந்தை ஒன்று உருவாகுமானால் அது இந்த இரண்டு பிள்ளைகளும் சேரும் இடத்தில்தான் உருவாகும்.

விழா வைப்பதென்றால் வையுங்கள்; முதற்பிரதியை ஒரு தரம் எட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். அதைவிட முக்கியம், நூலை எழுதிய மாணவர்கள் படகிலும் பஸ்ஸிலும் ஏறி நெடுந்தீவு மகா வித்தியாலயத்துக்கும் புங்குடுதீவு மகா வித்தியாலயத்துக்கும் வேலணை மத்திய கல்லூரிக்கும் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரிக்கும் போய், ஆளுக்கொரு பக்கம் வாசித்துக் காட்டுவது. தீவக வலயக் கல்வி அலுவலகத்தோடு பேசினால் ஒரு சனிக்கிழமை ஒழுங்கு செய்வது பெரிய காரியமில்லை. வாசித்துக்கொண்டு போய், கதை இறுகும் இடத்தில் நிறுத்தி, இரண்டு பிரதியை அந்த நூலகத்தில் வைத்துவிட்டு வரட்டும். மிச்சத்தை அந்தப் பாடசாலைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அச்சு வரும் வரைக்கும் காத்திராதீர்கள் ரீச்சர். அடுத்த தவணை தொடங்கியதும் வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளையில் பத்து நிமிடத்தை எடுத்து, மேலே சொன்ன நூல்களில் ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். குறிப்பு எழுதச் சொல்லவேண்டாம், கேள்வி கேட்கவேண்டாம், புள்ளி போடவேண்டாம். உங்களிடம் கேட்ட அந்த மாணவியை அழைத்து, எழுதப்போகும் தொகுப்புக்கு அவளையே ஆசிரியர் குழுவில் போடுங்கள். எந்தக் கதை சேர வேண்டும், எது சலிப்பூட்டுகிறது என்று முடிவு செய்வது அவளும் அவள் வயதினருமாக இருக்கட்டும். பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்யும் நாளில்தான் இந்த மண்ணில் பதின்வயதினருக்கான பதிப்பு தொடங்கும். அந்தத் தொடக்கத்தை உங்கள் சின்னப் பாடசாலையாலேயே செய்ய முடியும். அச்சுக்கு முன் பிழை பார்க்க ஒருவர் தேவைப்பட்டால் கைப்பிரதியை எனக்கு அனுப்புங்கள். முழுதும் வாசித்துத் திருத்தித் தருகிறேன்.